ஏட்டுப்பிழையும் உடற்பிழையும்

ஏடு பெயர்த்தெழுதுவோன் ஓரெழுத்தை மாற்றி வரைந்தானாயின் பாட்டின் பொருள் முற்றுந் திரிதல் உண்டு. ஓசை சிறிது குன்றிப் பொருள் கெடாது நிற்றலும் உண்டு. தமிழ் பயில்வார் இதனை நன்கறிவர். மனித உடலினுள்ளும் இத்தகைய பெயர்த்தெழுதல் நிகழ்கின்றதென்பதும், அதன்கண் நேரும் பிழை பச்சிளங் குழவியின் உயிரைக் கவர வல்லதென்பதும், அப்பிழையின் கடுமையை ஆய்வுக்கூடத்துக் குடுவையில் அளந்தறியலாமென்பதும் பலர் அறியாதன. அவற்றை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

நம் சிறுநீரகங்களின்மேல் தொப்பி கவிழ்த்தாற்போல அட்ரீனல் என்னுஞ் சுரப்பிகள் இரண்டு அமைந்துள்ளன. இவை கொலஸ்டிரால் என்னுங் கொழுப்புப் பொருளைப் படிப்படியாக மாற்றி ஸ்டீராய்டு ஹார்மோன்களை ஆக்குகின்றன. அவற்றுள் கார்டிசால், நோயையும் பட்டினியையும் உடல் தாங்குதற்குத் துணையாவது. ஆல்டோஸ்டீரோன், உடலில் உப்புக் குன்றாது காப்பது. இம்மாற்றங்களை நடத்துவன நொதிகளாகும். நொதியாவது, தான் அழியாது நின்று பிறபொருளை விரைந்து மாறச்செய்யும் புரதம் என்க. மேற்கூறிய இரண்டு ஹார்மோன்களும் பிறத்தற்கு இன்றியமையாதது 21-ஹைட்ராக்ஸிலேஸ் என்னும் நொதி. ஸ்டீராய்டின் 21ஆம் கார்பன் அணுவில் ஹைட்ராக்ஸில் தொகுதியைச் சேர்த்தலின் இப்பெயர் பெற்றது.

இந்நொதி குன்றியவழி நேர்வது யாது? மடை அடைபட்ட வாய்க்காலின் நீர் பக்கத்து வயலிற் பாய்வதுபோல, கார்டிசாலாக வேண்டிய பொருள் தேங்கி ஆண் ஹார்மோன்களாகப் பெருகும். அதனாற் பெண்மகவின் பிறப்புறுப்பு ஆணினதை ஒத்துத் தோன்றலுங் கூடும். ஆண்மகவிடத்துப் பெரும்பாலும் புறக்குறி தோன்றாமையின் இடர் பெரிது. கடுமையான வகையில், பிறந்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் உப்புச் சிறுநீரோடு கழிய, குழந்தை வாந்தியெடுத்துச் சோர்ந்து உயிர் துறத்தலும் நேரும். 1950ஆம் ஆண்டிற் கார்டிசோன் இந்நோய்க்குப் பயன்படுமெனக் கண்டனர். இன்று ஹைட்ரோகார்டிசோன், ஃப்ளூட்ரோகார்டிசோன் ஆகிய மருந்துகளை வாழ்நாள் முழுதும் உட்கொண்டு நலமே வாழலாம். மருந்து உண்டு, அறியாமையே கொல்வது.

இந்நொதிக்குரிய மரபணு ஆறாம் குரோமோசோமில் உள்ளது. அதன் அயலிலேயே அதனைப் பெரிதும் ஒத்த, ஆயினும் பிழை மலிந்து பயனற்ற, போலி மரபணு ஒன்றுண்டு. போலியின் பிழை மெய்யேட்டிற் புகுந்துவிடுதலே இந்நோய்க்குப் பெரும்பான்மைக் காரணம். தாய் தந்தை இருவர்வழியும் பிழைபட்ட ஏடு வந்தாலன்றி நோய் தோன்றாது. ஆதலின், நெருங்கிய உறவில் மணஞ்செய்யுங் குடிகளில் இது தோன்றுதற்கு இடம் மிகுதி.

இனி, ஒரு பிழை எத்துணைக் கொடிதென்று அறிவது எங்ஙனம்? குழந்தையின் சுரப்பியை அறுத்து நோக்குதல் தகாது. ஆதலின் மனித மரபணுவின் படியை இ. கோலை என்னும் பாக்டீரியாவிலோ, ஈஸ்டிலோ, வளர்ப்பு உயிரணுக்களிலோ புகுத்துகின்றனர். அவை தம் புரதங்களோடு மனித நொதியையும் ஆக்கித் தருகின்றன. 1978இல் மனித இன்சுலினை ஆக்கியதும் இம்முறையாலேயாம். இங்ஙனம் பெற்ற நொதிக்கு மூலப்பொருளையும், எலெக்ட்ரான் ஊட்டும் துணைப்புரதத்தையும் அளித்து, விளைபொருளை அளக்கின்றனர். 172ஆம் இடத்து ஐசோலூசினுக்கு ஈடாக அஸ்பராஜின் புகின், நொதியின் ஆற்றல் நூற்றில் ஓரிரு பங்கே எஞ்சுகின்றது. 281ஆம் இடத்து வாலினுக்கு ஈடாக லூசின் புகின், 20 முதல் 50 பங்குவரை நிற்கின்றது. முன்னது பொருளைச் சிதைத்த பாடம். பின்னது ஓசை குன்றிய பாடம். பாக்டீரியாவில் வளர்த்த இந்நொதியின் முப்பரிமாண வடிவத்தை அமெரிக்க அறிஞர் 2015இல் வெளியிட்டமையால், ஒவ்வொரு பிழையும் எவ்விடத்தைத் தாக்குகின்றதெனக் கண்ணாற் காணவும் இயல்கின்றது.

இது நமக்கு அயலான செய்தி அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முயற்சியால் ஐந்து நகரங்களில் இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்து, 2018இல் முடிபை வெளியிட்டனர். ஐந்து நகரங்களையுஞ் சேர்த்து நோக்க, 5,762 குழந்தைகளுக்கு ஒன்று இந்நோயுற்றது. சென்னையிலோ 2,036க்கு ஒன்று. சோதனையும் எளிது: குதிகாலிற் சிறிது குருதி எடுத்துத் தாளில் ஒற்றி, தேங்கி நிற்கும் 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோனை அளத்தலே.

குடுவையில் வளர்ந்த நொதி பிழையின் தரத்தை உரைக்கும். குதிகாற் குருதி பிழையுற்ற குழந்தையைக் காட்டும். முன்னது அறிஞர் கடன். பின்னதை ஊர்தோறும் நிறைவேற்றுதல் ஆள்வோர் கடன். மாநில மருத்துவப் பணிகள் இயக்குநரகம் நம் தேனாம்பேட்டையிலேயே உள்ளது. அங்கு வகுக்கப்படும் திட்டங்களின் பயன் கடைக்கோடிச் சிற்றூரின் மகப்பேற்று அறைவரை சென்று சேர்தல் வேண்டும். இரண்டு வார வாழ்வே உடைய குழவிக்குக் காலத்தாழ்வு என்பது மரணத்தின் மறுபெயர் அன்றோ?