கடத்தி, காவலி, குறைகடத்தி

கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் சார்ஜர் இல்லாத வீடு இன்று இல்லை. அதன் வயருக்குள் செம்புக் கம்பி இருக்கிறது. செம்பைச் சுற்றி பிளாஸ்டிக் உறை இருக்கிறது. செருகும் பெட்டிக்குள் சிலிக்கனால் ஆன சிறிய துண்டுகள் இருக்கின்றன. மின்னைக் கொண்டு செல்வது செம்பு. அது நமது கைக்கு வராமல் தடுப்பது பிளாஸ்டிக். எந்தத் திசையில், எப்போது செல்ல வேண்டும் என்று கட்டுப்படுத்துவது சிலிக்கன். இவற்றை முறையே கடத்தி, காவலி, குறைகடத்தி என்கிறோம்.

இந்த மூன்றையும் நாம் பட்டியலாக மனனம் செய்திருக்கிறோம். ஆனால் ஒரு பொருள் ஏன் அந்தப் பட்டியலில் இருக்கிறது, எப்போது அதைவிட்டு மாறும் என்பதையும் அறிந்தால்தான் அந்த அறிவு பரீட்சைக்கு மட்டுமன்றி வீட்டுக்கும் உதவும்.

வேறுபாடு எங்கே உள்ளது?

1729 இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டீபன் கிரே ஒரு நீண்ட நூலின் வழியே மின்னை அனுப்பிப் பார்த்தார். அந்நூலைப் பட்டு இழைகளில் தொங்கவிட்டபோது மின் மறுமுனை வரை சென்றது. பட்டு அறுந்ததும் பித்தளைக் கம்பியில் தொங்கவிட்டார். மின் மறுமுனைக்குச் செல்லாமல் பித்தளை வழியே கசிந்து போயிற்று. பொருள்கள் இரு வகை என்பது அப்போது தெளிவானது. ஆனால் அதன் காரணத்தை அறிய, 1897 இல் இலத்திரன் கண்டுபிடிக்கப்படும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உலோகங்களில் ஒவ்வோர் அணுவும் தனது வெளியோட்டு இலத்திரன்களில் ஒன்றையோ சிலவற்றையோ பொதுவில் விட்டுவிடுகிறது. அவை உலோகம் முழுவதும் சுயாதீனமாக அலைகின்றன. மின்கலத்தை இணைத்ததும் அவை ஒரே திசையில் நகர்கின்றன. இதுவே மின்னோட்டம். காவலிகளில் இலத்திரன்கள் அணுக்களுக்கிடையிலான பிணைப்புகளில் இறுகச் சிக்கியிருப்பதால் நகர முடிவதில்லை.

இதற்கு நமது நாட்டு மண்ணிலேயே சிறந்த உதாரணம் உண்டு. போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் எடுக்கப்படும் காரீயம் தூய காபன். வைரமும் காபன்தான். வைரத்தில் ஒவ்வொரு காபன் அணுவின் நான்கு வெளி இலத்திரன்களும் பிணைப்பில் கட்டுண்டிருப்பதால் அது காவலி. காரீயத்தில் மூன்று இலத்திரன்களே பிணைக்கப்பட்டுள்ளன. நான்காவது இலத்திரன் படலத்தினூடே நகரக்கூடியது. ஆகவே உலோகம் அல்லாத காரீயம் மின்னைக் கடத்துகிறது. மூலகம் ஒன்றாயினும் இலத்திரனின் நிலை வேறானால் இயல்பும் வேறாகிறது.

இந்த வேறுபாட்டின் அளவு வியப்பூட்டுவது. அறை வெப்பநிலையில் செம்பின் தடைத்திறன் ஏறத்தாழ 0.000000017 ஓம் மீற்றர். தூய சிலிக்கனுக்கு அது ஏறத்தாழ 2300 ஓம் மீற்றர். கண்ணாடிக்கோ 1000 கோடி ஓம் மீற்றருக்கும் மேல்.

நடுவில் நிற்கும் குறைகடத்தி

"அரைகுறையாகக் கடத்துவது" என்று மட்டும் குறைகடத்தியைப் புரிந்துகொள்வது போதாது. அதன் சிறப்பு, நாம் விரும்பியவாறு அதை மாற்ற முடியும் என்பதே. செம்பைச் சூடாக்கினால் அதன் தடை கூடும். சிலிக்கனைச் சூடாக்கினால் சில இலத்திரன்கள் பிணைப்பிலிருந்து விடுபடுவதால் தடை குறையும். 1833 இல் மைக்கேல் பரடே வெள்ளி சல்பைட்டில் இத்தகைய இயல்பைக் கண்டார்.

சிலிக்கன் அணுவுக்கு நான்கு வெளி இலத்திரன்கள். ஐந்து கொண்ட பொசுபரசு அணுவை அதில் சேர்த்தால் ஓர் இலத்திரன் மிஞ்சும். மூன்று கொண்ட போரனைச் சேர்த்தால் ஓர் இடம் வெறுமையாகும். இதைத் துளை என்பர். ஒரு கோடி சிலிக்கன் அணுக்களுக்கு ஒரு பொசுபரசு அணு சேர்ந்தாலே அதன் கடத்துதிறன் பல்லாயிரம் மடங்கு பெருகும். இவ்விரு வகைகளையும் ஒட்டிச் செய்யும் இருவாயி, மின்னை ஒரு திசையில் மட்டுமே செல்லவிடும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்று ஆடலோட்டம் சார்ஜருக்குள் நேரோட்டமாவது இதனால்தான். 1947 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவான திரான்சிற்றர், கூரைகளில் பொருத்தும் சூரியப் படல், எல்.ஈ.டி. மின்குமிழ் யாவும் குறைகடத்தியின் பிள்ளைகளே.

காவலியை எவ்வளவு நம்பலாம்?

பெற்றோரும் கவனிக்க வேண்டிய பகுதி இது. முழுமையான காவலி என்று எதுவும் இல்லை. காற்று நல்ல காவலி. ஆனால் ஒரு சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 30,000 வோல்ற்று என்ற நிலை வந்தால் அதுவும் கடத்தும். மின்னல் அப்படித்தான் பாய்கிறது. உலர்ந்த மரம் காவலி, நனைந்த மரம் அப்படியல்ல. தூய நீர் மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் உப்புகள் கரைந்திருப்பதால் அவை கடத்தும். நமது தோலும் உலர்ந்திருக்கும்போது ஓரளவு தடுக்கும். நனைந்தால் அந்தத் தடை வெகுவாகக் குறையும். ஸஹருக்கு எழும்பி, பாத்திரம் கழுவிய கையுடன் கிரைண்டரின் ஆளியைத் தொடுவது ஏன் ஆபத்து என்பது இப்போது விளங்கும்.

சார்ஜருக்குள் 230 வோல்ற்றுப் பக்கத்தையும் கைத்தொலைபேசிக்குச் செல்லும் 5 வோல்ற்றுப் பக்கத்தையும் பிரிப்பது ஒரு காவலி இடைவெளிதான். தரமற்ற சார்ஜர்களில் இது மிகக் குறுகியது. அது பழுதானால் சுவரின் மின் பிள்ளையின் கைக்கே வந்துவிடலாம். உடலினூடாக 30 மில்லியம்பியர் சென்றாலும் உயிருக்கு ஆபத்து நேரலாம். வீட்டிலுள்ள ட்ரிப் சுவிட்ச் பொதுவாக இந்த அளவு கசிவில் மின்னைத் துண்டிப்பதற்கே வைக்கப்படுகிறது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை இடைக்கிடை அழுத்தி, அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சகோதரிகளே, உறை வெடித்த வயரைக் கண்டால் அதை வெறும் பழைய வயர் என்று எண்ணாதீர்கள். காவலி தனது வேலையை விட்டுவிட்டது என்று எண்ணுங்கள். சார்ஜரில் செருகியிருக்கும் கைத்தொலைபேசியைச் சிறுபிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். யாரையாவது மின் தாக்கினால் அவரைத் தொடாமல் முதலில் பிரதான ஆளியை நிறுத்துங்கள். அது முடியாவிடின் உலர்ந்த இடத்தில் நின்று உலர்ந்த மரத்தடியால் வயரை விலக்குங்கள். கடத்தி எது, காவலி எது என்று ஆறாம் ஏழாம் ஆண்டிலேயே கற்றோம். காவலி எப்போது கடத்தியாகும் என்பதை இன்றே வீட்டாருக்கும் சொல்லிக் கொடுப்போம்.