மாயாஜாலப் படத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

முழுப்பரீட்சை லீவு விட்டதும் அம்பாசமுத்திரத்துப் பிள்ளைகள் கேட்பது இரண்டு. ஒன்று, பாபநாசத்திலோ மணிமுத்தாறிலோ குளியல். இன்னொன்று, படம். குளிக்கப் போனால் எந்தப் படித்துறை ஆழம், எங்கே பாறை வழுக்கும், எதுவரை இறங்கலாம் என்று பெரியவர்கள் பார்த்துப் பார்த்துச் சொல்லுவார்கள். படம் என்றால் அந்தக் கவனம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. போஸ்டரில் ஒரு பூதமும் நாலு பொடிசுகளும் இருந்து, பாட்டும் ஆட்டமும் உண்டு என்று தெரிந்தால் போதும், பிள்ளைகள் படம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். சாமிப் படம் என்றால் அந்த யோசனைகூட இல்லை. மந்திரமும் பாட்டும் இருப்பதால் மட்டும் ஒரு படம் குழந்தைக்கு ஏற்றதாகிவிடாது. இருட்டும் பயமும் இருப்பதால் மட்டும் ஏற்காததாகிவிடவும் செய்யாது. இந்தப் படத்தை இந்தப் பிள்ளை இந்த வயதில் தாங்குமா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் தணிக்கைச் சான்றிதழ். 1952-ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டத்தின்கீழ் மத்திய தணிக்கை வாரியம் தருவது அது. நெடுங்காலம் 'யு', 'ஏ' என்று இரண்டே வகை. 1983-இல் 'யு/ஏ' வந்தது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள் பெற்றோர் துணையோடு பார்க்கலாம் என்பது அதன் பொருள். மருத்துவர்கள் போன்ற தனித் துறையினருக்கான 'எஸ்'ஸும் அப்போது சேர்ந்தது. 2023-இல் சட்டத்தைத் திருத்தி, யு/ஏ-வை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். இதில் வயதைப் பார்த்து வாசலில் தடுக்கும் சான்றிதழ் 'ஏ' ஒன்றுதான். பதினெட்டு வயது நிறையாதவரை, அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்தாலும், உள்ளே விடக்கூடாது. யு/ஏ-வின் மூன்று வகையும் பெற்றோருக்குச் சொல்லும் யோசனை. 16+ போட்ட படத்துக்கு ஆறு வயதுப் பிள்ளையைக் கூட்டிப் போனால் டிக்கெட் கிழிப்பவர் தடுக்க வேண்டியதில்லை. பொறுப்பு முழுக்க நம் தலையில்.

'யு' என்றால் யாரும் பார்க்கத் தடையில்லை என்று அர்த்தம். குழந்தைகளுக்காக எடுத்த படம் என்று அர்த்தமில்லை. தமிழ்நாட்டில் இந்தக் குழப்பம் வளர ஒரு தனிக் காரணமும் இருந்தது. தமிழில் பெயர் வைத்த படங்களுக்கு 2006-இல் கேளிக்கை வரிவிலக்கு கொடுத்தார்கள். 2011-இல் அந்த விலக்குக்கு 'யு' சான்றிதழும் வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. அப்புறம் 'யு' என்பது பணம் சம்பந்தப்பட்ட விஷயம் ஆகிவிட்டது. அடிதடிப் படம் எடுத்தவரும் அங்கங்கே வெட்டிக் கொடுத்தாவது அதை வாங்கப் பார்த்தார். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்து அந்த ஏற்பாடு மாறியது. ஆனால் அந்த ஆண்டுகளில் வந்த படங்கள் அதே 'யு'வோடுதான் இன்றும் டி.வி.யில் ஓடுகின்றன. 1983-க்கு முன் வந்த பழைய மாயாஜாலப் படங்களின் கதை வேறு. அன்றைக்கு 'யு'வுக்கும் 'ஏ'வுக்கும் நடுவில் எதுவும் கிடையாது என்பதால், பெரியவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்க முடியாத எல்லாமே 'யு'வில் விழுந்தன.

தணிக்கைக்காரர்களுக்கே இது சுலபமான வேலையாக இருந்ததில்லை. டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' 1938-இல் பிரிட்டனில் வெளியானபோது, அந்நாட்டுத் தணிக்கை வாரியம் பெரியவர் துணையோடுதான் பிள்ளைகள் பார்க்கலாம் என்று சான்று கொடுத்தது. சூனியக்காரிக்குப் பயந்துதான். ஏழு குள்ளர்கள் பாடி ஆடும் கார்ட்டூன் படத்துக்கு அந்த நிலை. சில ஊர் நிர்வாகங்கள் அதை ஏற்காமல் எல்லாரையும் உள்ளே விட்டன. ஒரே படம், ஒரே சூனியக்காரி; ஊருக்கு ஊர் தீர்ப்பு வேறு.

குழந்தை எதற்குப் பயப்படும் என்பதைப் பெரியவர்கள் பெரும்பாலும் தப்பாகவே கணிக்கிறோம். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜோவன் கேன்டர் என்ற பேராசிரியர் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தவர். 'ஹல்க்' தொடரை வைத்துச் செய்த ஆய்வில், பள்ளிக்கூடம் போகாத சின்னப் பிள்ளைகள் நல்லவன் ஆபத்தில் இருந்தபோது பெரிதாகப் பயப்படவில்லை. அவன் பச்சை ராட்சசனாக உருமாறிய பிறகு, அதாவது காப்பாற்ற வந்த பிறகுதான் பயந்தார்கள். பெரிய பிள்ளைகளுக்கு நேர்மாறு: ஆபத்துக்குப் பயம், உருமாறியதும் நிம்மதி. இன்னொரு ஆய்வில் ஒரு கிழவியின் கதையை நாலு விதமாகக் காட்டினார்கள். அழகும் நல்ல குணமும், அழகும் கெட்ட குணமும், விகாரமும் நல்ல குணமும், விகாரமும் கெட்ட குணமும். சின்னப் பிள்ளைகள் முகத்தைப் பார்த்து முடிவு செய்தார்கள். ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் அவள் செய்வதைப் பார்த்து முடிவு செய்தார்கள்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு 'அம்மன்' படத்தைப் பாருங்கள். தெலுங்கில் 1995-இல் 'அம்மோரு' என்று வந்து, தமிழ் பேசி, நம் வீட்டு டி.வி.களில் ஆடி மாதத்துக்கு ஆடி மாதம் ஓடிய படம். சாமிப் படம் என்று பால்குடிப் பிள்ளை முதல் ஆச்சி வரை ஒரே பாயில் உட்கார்ந்து பார்த்தோம். கதாநாயகி சௌந்தர்யாவை வீட்டார் படுத்தும் பாடு பெரிய பிள்ளைகளைப் பயமுறுத்தும். வீட்டுக்குள் நிஜமாகவே நடக்கக்கூடியது அது என்று அவர்களுக்குத் தெரியும். நாலு வயதுப் பிள்ளைக்கு அதெல்லாம் ஏறாது. அது அலறுவது கடைசியில், அம்மனாகக் காப்பாற்ற வரும் ரம்யா கிருஷ்ணனின் முகத்தைப் பார்த்து. 'அது சாமிட்டி, கும்பிடு' என்று நாம் சொல்லச் சொல்ல அது இன்னும் அழும். பிள்ளைக்குப் பக்தி போதவில்லை என்று நினைக்காதீர்கள். வயது போதவில்லை, அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கத்து உதாரணம் 'மாயா பஜார்'. கே.வி. ரெட்டி இயக்கி 1957-இல் தமிழிலும் தெலுங்கிலும் வந்தது. பிள்ளைகளுக்கென்று எடுத்த படமில்லை. ஆனாலும் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல படத்தைத் தேட வேண்டியிருக்கும். எஸ்.வி. ரங்காராவின் கடோத்கஜன் மலைபோல் உடம்பும் உறுமலுமாக வருகிறான். ஆனால் அவன்தான் நல்லவன், தம்பியின் கல்யாணத்துக்காக இத்தனை பாடும் படுகிறவன். பளபளவென்று நகை பூட்டி உட்கார்ந்திருக்கும் கௌரவர்கள்தான் சூது செய்கிறார்கள். அழகாய் இருப்பவன் நல்லவன், விகாரமாய் இருப்பவன் கெட்டவன் என்று எத்தனையோ மாயாஜாலப் படங்கள் ஊட்டும் பாடத்தை இந்தப் படம் சத்தமில்லாமல் திருப்பிப் போடுகிறது. கறுத்த மேனியும் தடித்த உடம்பும் கொண்டவர்களை வில்லனாகவோ கேலிப்பொருளாகவோ காட்டும் படத்தை விடவும், நல்ல ராட்சசன் வரும் படம் நம் பிள்ளைகளுக்கு ஆயிரம் மடங்கு மேல். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கடோத்கஜன் கல்யாணப் பெண்ணான வத்சலாவின் (தெலுங்கில் சசிரேகா) உருவெடுத்து வருகிறான். அந்த வேடத்தில் வரும் சாவித்திரி ஆண்பிள்ளை மிடுக்கோடு நடக்கிறார். ஆறேழு வயதுப் பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும். நாலு வயதுப் பிள்ளைக்கு அக்கா முகத்தில் இருப்பது யார் என்று புரியாது, மிரளும். மூன்று மணி நேரத்தை நெருங்கும் படம் வேறு. அந்த வயதுக்குக் கல்யாண விருந்தை ஒற்றையாளாய்த் தின்னும் காட்சியை மட்டும் போட்டுக் காட்டினால் போதும்.

கே.வி. ரெட்டியின் இன்னொரு படமான 'பாதாள பைரவி'யில் (1951) அதே ரங்காராவ் மந்திரவாதி. வரம் தரும் சிலைக்காக ஒரு துணிச்சலான இளைஞனை நரபலி கொடுக்கத் தேடி அலைகிறான். நரபலியை விளையாட்டாக எடுத்துக்கொள்ள எட்டு வயதாவது ஆக வேண்டும்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பயங்கரக் கதை புதிதில்லை என்று ஒரு வாதம் வரும். உண்மைதான். சுடலைமாடன் கோயில் கொடையில் ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டு நடக்கிறது. குழந்தையாகவே சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்ற சாமியின் கதை அது. கணியான் கூத்தும் அதே கதையைப் பாடி ஆடும். பாட்டும் மாயமும் பயமும் கலந்த கதையை இந்தத் தாமிரபரணிக் கரையில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் கேட்டுத்தான் வளர்ந்திருக்கின்றன. ஆனால் கேட்கும் விதத்தைப் பாருங்கள். வில்லில் கதை காதில் விழுகிறது. எவ்வளவு பயங்கரமாகக் கற்பனை செய்வது என்பது பிள்ளையின் பொறுப்பில் இருக்கிறது. சுற்றிலும் சீரியல் லைட், சொந்தக்காரர்கள், மிட்டாய்க் கடை. பயம் வந்தால் எழுந்து ஓடலாம், ஆச்சி மடியில் தூங்கலாம். தியேட்டரில் முகம் முப்பது அடிக்கு வருகிறது, விளக்கு அணைந்திருக்கிறது, நாலு பக்கமும் ஸ்பீக்கர், வெளியே போக வேண்டுமென்றால் பத்துப் பேர் காலைத் தாண்ட வேண்டும். ஆகவே கொடையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை எதையும் தாங்கும் என்று எண்ண வேண்டாம். அங்கே பிள்ளைக்குத் துணையாக இருந்தவற்றைத் தியேட்டருக்குள்ளும் நாம் ஏற்பாடு செய்ய முடியுமா என்று யோசிப்பதே உருப்படியான வழி.

இனி பாட்டு. என்னைக் கேட்டால் பாட்டுப் படங்களில் பெற்றோர் அதிகம் கவனிக்க வேண்டியதும், கொஞ்சமும் கவனிக்காததும் இதுதான். பயங்கரக் காட்சியைப் பிள்ளை ஒருமுறை பார்க்கிறது, கண்ணைப் பொத்திக்கொள்கிறது. பாட்டு அப்படியில்லை. கல்யாண வீட்டு மைக் செட்டில், பஸ்ஸில், செல்போனில் என்று நூறு முறை கேட்கிறது. படத்தையே பார்க்காத பிள்ளைக்கும் பாட்டு மனப்பாடம் ஆகிவிடுகிறது. பூதமும் குழந்தையும் வரும் கதைக்கு நடுவிலேயே, பெரியவர்கள் கூட்டத்தை இழுக்க ஒரு குத்துப்பாட்டு வைப்பது நம் சினிமாவின் பழக்கம். அதில் ஒரு பெண்ணைச் சுற்றி நிற்கும் ஆண்களின் பார்வை, இரட்டை அர்த்த வரிகள், கேலி எல்லாம் இருக்கும். பிள்ளைக்கு அர்த்தம் புரியாது என்று சமாதானம் சொல்கிறோம். அர்த்தம் புரியாவிட்டாலும் அசைவு புரிகிறது. பள்ளி ஆண்டு விழா மேடைகளில் யு.கே.ஜி. பிள்ளைகள் அந்த அசைவையே ஆட, கீழே நாம் கைதட்டிப் படம் எடுக்கிறோம். டி.வி. நடனப் போட்டிகளில் சினிமாவில் பெரியவர்கள் ஆடியதைச் சின்னப் பிள்ளைகளை ஆட வைப்பதைப் பார்த்துவிட்டு, 2019-இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே சேனல்களுக்கு அறிவுரை அனுப்ப வேண்டியிருந்தது.

நல்ல வேளையாக, சோதிக்க மிகச் சுலபமானதும் பாட்டுதான். படம் வருவதற்குச் சில வாரங்கள் முன்பே பாட்டு யூட்யூபில் வந்துவிடுகிறது. பிள்ளை தூங்கியபிறகு ஒவ்வொரு பாட்டையும் வரி விடாமல் ஒருமுறை கேளுங்கள். இந்த வரியை என் மகள் வகுப்பில் நின்று பாடினால் எனக்குச் சம்மதமா? இந்த ஒரு கேள்விக்கு வரும் பதில் டிரெய்லர் சொல்வதைவிட அதிகம் சொல்லும்.

குடி, சிகரெட் விஷயத்திலும் 'குழந்தைப் படம்' என்ற பெயர் ஏமாற்றும். இந்தியாவின் முதல் 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' (1984) மூன்று பிள்ளைகளும் ஒரு குட்டிச்சாத்தானும் சேரும் அருமையான நட்புக் கதை, இளையராஜா இசை. அதில் பிள்ளை உருவில் இருக்கும் குட்டிச்சாத்தான் மது குடிக்கும் காட்சியும் இருக்கிறது. படத்தை ஒதுக்க வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அது சாத்தான், மந்திரத்தால் செய்கிறது, நாம் செய்தால் உடம்பு என்ன ஆகும் என்று அங்கேயே பேசிவிட்டால் போதும். வீட்டில் குடிப்பவர் இருந்தால் அந்தப் பேச்சு இன்னும் பக்குவமாக இருக்க வேண்டும்.

முடிந்தால் படத்தை முதலில் பெரியவர்களில் ஒருவர் பார்த்துவிடுங்கள். முடியாதபோது பார்த்தவரிடம் 'நல்லா இருக்கா' என்று கேட்காதீர்கள். யாராவது சாகிறார்களா, அம்மா அப்பாவைப் பிள்ளை பிரிகிறதா, உருமாறும் முகம் வருகிறதா என்று கேளுங்கள். ஓ.டி.டி. என்றால் 2021 விதிகளின்படி வயது வகையும், வன்முறை உண்டா, கெட்ட வார்த்தை உண்டா என்ற குறிப்பும் தொடக்கத்தில் வர வேண்டும். 13+ முதல் பெற்றோர் பூட்டும் இருக்க வேண்டும். அதைப் போட்டு வையுங்கள். தியேட்டருக்கு என்றால் மதியக் காட்சிதான் நல்லது. திருநெல்வேலியில் இரவுக் காட்சி பார்த்துவிட்டு அம்பாசமுத்திரம் வந்து சேர்ந்து, பயந்த மனதோடு நேராகப் படுக்கைக்குப் போவது பிள்ளைக்கு நல்லதில்லை. நடைபாதை ஓரத்து இருக்கையாக எடுங்கள், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வேண்டாம்.

பிள்ளை பயந்தால், 'ஒண்ணும் இல்லலே, அது சும்மா படம்' என்ற சமாதானம் ஏழு வயதுக்குக் கீழே எடுபடாது என்பதும் கேன்டரின் ஆய்வுகள் சொல்வதுதான். அந்த வயதில் வேலை செய்வது பேச்சு அல்ல: மடியில் ஏற்றிக்கொள்வது, கையைப் பிடிப்பது, ஒரு வாய் தண்ணீர் கொடுப்பது, கண்ணை மூட விடுவது, தேவைப்பட்டால் எழுந்து வெளியே கூட்டி வருவது. டிக்கெட் காசு போனால் போகிறது. ஆம்பளைப் பிள்ளை பயப்படலாமா என்று நாலு பேர் முன் கேலி செய்வதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். அடுத்த முறை பயம் வந்தால் அவன் உங்களிடம் சொல்லமாட்டான்.

எட்டு ஒன்பது வயது ஆனபிறகு பேச்சு வேலை செய்யும். அந்த முகத்தை மாவு பூசி எப்படிச் செய்தார்கள், பறப்பதைக் கம்பி கட்டி எப்படி எடுத்தார்கள் என்று சொன்னால் பயம் ஆர்வமாக மாறும். 'மாயா பஜார்' ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் செய்த தந்திரக் காட்சிகளைப் பற்றி ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசலாம்.

இந்த லீவுக்கு எதில் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் யோசனை: வீட்டில் ஆறு வயதுக்கு மேல் பிள்ளை இருந்தால், ஒரு பகல் நேரத்தில், ஜன்னலைத் திறந்து வைத்து, இரண்டு பாகமாகப் பிரித்து 'மாயா பஜார்' போடுங்கள். எட்டு வயதானால் 'பாதாள பைரவி'யும் 'குட்டிச்சாத்தானும்' ஆகட்டும். 'அம்மன்' பத்து வயதுக்கு முன் வேண்டாம். எதைப் போட்டாலும் போனைக் கையில் எடுக்காமல் கடைசிவரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.