மண்டல விரதம் இருந்த சங்கு நண்டு!

நீடாமங்கலத்துக்காரிக்கு மண்ணைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று நினைத்துக் கொண்டிருந்தவள் நான். எங்கள் ஊர் மூணாறு தலைப்பில்தான் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. ஆற்று மணல், வண்டல், களி என்று காலில் ஒட்டுவதை வைத்தே சொல்லி விடுவோம். அப்பேர்ப்பட்ட எனக்கு, எலுமிச்சம்பழம் அளவுள்ள ஒரு நண்டு பாடம் நடத்தி விட்டது தோழிகளே!

2023 ஜூனில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்குப் பிறந்த நாள். சென்னையிலிருந்து வந்த என் தம்பி, பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு சங்கு நண்டுகளை வாங்கி வந்து நீட்டினான். துறவி நண்டு என்றும் சொல்கிறார்கள். பின்பக்க வயிற்றுப் பகுதி மெத்தென்று இருப்பதால், காலிச் சங்குக்குள் புகுந்து கொண்டு அதையே வீடாகச் சுமந்து திரியும். இவை தரையில் வாழும் ஜாதி. "மாமா, மாமா" என்று பையன் துள்ளிக் குதித்தான்.

டப்பாவில் கலர் கல் மட்டுமே இருந்தது. "பாவம், மண் வேண்டாமா?" என்றேன். என் கணவர், "நம்ம வயல் மண்ணை விடவா ஒசத்தி?" என்று வரப்போரத்திலிருந்து ஒரு வாளி அள்ளி வந்து பழைய மீன் தொட்டியில் கொட்டினார். மாமியார் தன் பங்குக்கு, "பூச்சி பொட்டு அண்டாது" என்று வேப்பிலையைக் கிள்ளிப் போட்டார். மறு நாள் எறும்பு வரிசை கட்டியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? எறும்பு சாக்பீஸால் தொட்டியைச் சுற்றி பெரிய கோடாக இழுத்து விட்டேன்!

ஒன்பதாம் நாள் காலையில் சின்ன நண்டு சங்கை விட்டு வெளியே விழுந்து கிடந்தது. "அம்மா, நாம என்ன தப்பு பண்ணினோம்?" என்று பையன் கேட்டான். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு பெண் நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவளிடம் ஓடினேன். தொட்டியைப் பார்த்ததுமே, "அக்கா, எறும்பும் நண்டும் ஒரே பெரிய குடும்பம். எறும்பைக் கொல்றது நண்டையும் கொல்லும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. யூரியாவும் களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் விழுந்து விழுந்து ஊறிய மண் நம் வயல் மண். வேப்பிலையும் பூச்சிக்கு ஆகாதது. மண்ணோ, இலையோ, சாக்பீஸோ... எல்லாமே எங்கள் கையால் போட்டதுதானே!

அன்றைக்கே மிஞ்சிய பெரிய நண்டை ஒரு பேசினுக்கு மாற்றி விட்டு, அவள் சொன்னபடி புது மண் தயாரித்தேன். யார் வீட்டிலாவது இந்த நண்டு இருந்தால் உதவும் என்றே விவரமாக எழுதுகிறேன்.

மணல்: கட்டுமானத்துக்கு வாங்கிய சலித்த ஆற்று மணல் போதும். பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களிடம் கேட்டு வாங்கினேன். எம்-சாண்ட் வேண்டாம், கருங்கல்லை உடைத்துச் செய்வதால் முனை கூராக இருக்கும். கலர் கல்லில் நண்டு பள்ளம் பறிக்க முடியாது. மரத்தூளும் ஆகாது. மணலை அரிசி களைவது போலத் தண்ணீர் தெளியும் வரை அலசி, பிறகு இரும்பு வாணலியில் போட்டு, கடலை வறுக்கிறவர் மணலைச் சூடாக்குவாரே, அது போல நன்றாக வறுத்து ஆற விட்டேன். பூச்சி, முட்டை, பூஞ்சை எல்லாம் ஒழிந்து விடும்.

நார்த்தூள்: தேங்காய் மட்டையிலிருந்து கயிறு திரிக்க நார் எடுக்கும்போது உதிருமே, அந்தத் தூள். பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் நார் மில்களில் கிடைக்கும். இங்கேதான் கவனம் வேண்டும். உரக் கடையில் 'மட்கிய நார்க்கழிவு உரம்' என்று விற்பதை வாங்கி விடாதீர்கள். யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் தூவி மக்க வைப்பது அது. செடிக்கு அமிர்தம், நண்டுக்கு விஷம். எதுவும் கலக்காத வெறும் தூளைக் கேட்டு வாங்கி, இரண்டு மூன்று தண்ணீரில் ஊறப் போட்டுப் பிழிந்து கொள்ள வேண்டும்.

அளவு: ஐந்து படி மணலுக்கு ஒரு படி நார்த்தூள். தொட்டியில் மண்ணின் ஆழம் பெரிய நண்டின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு. எப்படியும் 6 அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

தண்ணீர்: சமையல் உப்பு கூடாது. கடல் மீன் தொட்டிக்கென்று தனி உப்பு விற்கிறார்கள். லிட்டருக்கு சுமார் 35 கிராம் கரைத்தால் கடல் தண்ணீர் மாதிரி ஆகும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். அந்த உப்புத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைய வேண்டும்.

பதம்: பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்கணும், கையில் தண்ணீர் சொட்டக் கூடாது. விரலை விட்டு எடுத்தால் துவாரம் இடியாமல் இருக்கணும். காய்ந்த மணலில் நண்டு தோண்டினால் மேலே சரிந்து விடும். அடியில் தண்ணீர் தேங்கினாலோ அழுகி நாறும். தரை நண்டானாலும் செவுளால்தான் மூச்சு விடுகிறது. ஈரக் காற்று வேண்டும். ஆகவே தொட்டிக்கு மூடி அவசியம். குடிக்க, நனைய ஒரு கிண்ணத்தில் நல்ல தண்ணீர், ஒரு கிண்ணத்தில் அந்த உப்புத் தண்ணீர் வைக்க வேண்டும். முழுகாமல் ஏறி வர உள்ளே ஒரு கல்.

எறும்புக்கு? பாட்டி காலத்து வழிதான்! பலகாரம் வைத்த மேஜைக் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைப்பார்களே, அதே போல் தொட்டி வைத்த ஸ்டூல் கால்களுக்கும் வைத்தேன். கொசுவர்த்தியும் அந்த அறையில் நிறுத்தம்.

எல்லாம் செய்து நண்டை விட்ட மூன்றாம் நாள் ஆளைக் காணோம்! மண்ணுக்குள் போய் விட்டது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம்... அசைவே இல்லை. "செத்ததை வீட்டுல வெச்சிருக்கியேம்மா, தூக்கிப் போடு" என்றார் மாமியார். எனக்கும் பயம்தான். ஒரு நாள் கரண்டியை எடுத்துக் கொண்டு தோண்டவே போய் விட்டேன். பையன்தான் கையைப் பிடித்து, "வேணாம்மா, அந்த அக்கா தொடவே கூடாதுன்னாங்க" என்றான்.

அவள் சொன்னது இதுதான்: நண்டு வளர, பழைய ஓட்டைக் கழற்றிப் புது ஓடு கட்ட வேண்டும். அப்போது உடம்பு வெண்ணெய் மாதிரி இருக்கும் என்பதால் மண்ணுக்குள் ஒளிந்து கொள்ளும். ஒரு மாதம், இரண்டு மாதம்கூட ஆகும். கழற்றிய ஓட்டையே தின்று சுண்ணாம்புச் சத்தைத் திரும்பப் பெறும். தோண்டினால் செத்து விடும். நிஜமாகவே செத்திருந்தால் கருவாட்டு நாற்றம் காட்டிக் கொடுத்து விடும். நான் தினமும் தொட்டியை மோந்து பார்த்தேன். ஈர மண் வாசம்தான் வந்தது. கரண்டியை அடுப்படியிலேயே வைத்தேன்.

46-ம் நாள் இரவு 'கரகர' சத்தம். விளக்கைப் போட்டால், பளபளவென்று புது ஓட்டோடு நண்டு ஊர்ந்து கொண்டிருக்கிறது! பையனை எழுப்பினேன். "ஒரு மண்டலம் விரதம் இருந்துட்டு வந்திருக்கு" என்று மாமியார் கன்னத்தில் போட்டுக் கொண்டார்.

கடைசியாக ஒன்று. இந்த நண்டு முட்டைகளைக் கடலில் விட்டு, குஞ்சு கடல் நீரில் வளர்ந்தால்தான் உண்டு. நம் வீட்டில் பெருகாது. கடைக்கு வருபவை பெரும்பாலும் கடற்கரையில் பிடித்தவையே. பத்து வருஷத்துக்கு மேலும் வாழக் கூடிய ஜீவன், கவனிப்பு இல்லாமல் பத்து நாளில் போய் விடுகிறது. ஆகவே புதிதாக வாங்காதீர்கள். வேளாங்கண்ணிக்கோ கோடியக்கரைக்கோ போகும்போது சங்கு எடுத்தால், உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்த்து, அங்கேயே வைத்து விடுங்கள். காலிச் சங்கையும் விட்டு வைத்தால் ஏதோ ஒரு நண்டுக்கு வீடாகும். ஏற்கெனவே வீட்டில் இருந்தால், முதலில் அதன் மண்ணைக் கவனியுங்கள்.

எங்கள் வீட்டில் சின்ன நண்டு விட்டுப் போன சங்கைப் பையன் எறியவில்லை. தொட்டி ஓரத்தில் வைத்திருக்கிறான். "பெரிசுக்குப் பிடிச்சா எடுத்துக்கட்டும்" என்கிறான்.

- ஒரு வாசகி, நீடாமங்கலம்.