தழும்பை மறைக்க மருந்து கேட்காதீர்கள்!

(கணவரோ மனைவியோ வெளிநாட்டிலிருந்து ‘ஸ்பான்ஸர்’ செய்ய, இங்கே விசாவுக்குக் காத்திருக்கும் குடும்பங்களுக்குச் சித்த மருத்துவர் ஒருவரின் யோசனைகள்)

மாதம் ஒருமுறை போளூரில் பஸ் ஏறி ஜவ்வாது மலைக்குப் போவது என் வழக்கம். ஜமுனாமரத்தூரில் கடுக்காய், மலைத்தேன், சில மூலிகை வேர்கள் வாங்குவேன். தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாலு பேருக்கு நாடி பார்ப்பேன். சாயங்காலம் கடைசி பஸ்ஸில் இறங்கிவிடுவேன்.

அப்படி ஒரு நாள், மலைப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற டீச்சர் வந்தார். எல்லோரும் போகட்டும் என்று கடைசிவரை காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“ஐயா, எக்ஸ்ரேல தழும்பு தெரியாம இருக்கறதுக்கு ஏதாச்சும் மருந்து இருக்குங்களா?”

விஷயம் இதுதான். மகளுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். மாப்பிள்ளை ஆரணிப் பக்கத்துக்காரர். கனடாவில் டொரன்டோவில் வேலை, அந்த நாட்டுக் குடியுரிமையும் பெற்றவர். மனைவியை அழைத்துக்கொள்ள ஸ்பான்ஸர் விண்ணப்பம் போட்டுவிட்டார். சென்னையில் மெடிக்கல் பரிசோதனைக்கு இன்னும் 20 நாள்தான். பெண்ணுக்கு 19 வயதில், கல்லூரி ஹாஸ்டலில் இருந்தபோது காசநோய் வந்திருக்கிறது. ஆறு மாதம் ஒழுங்காக மருந்து சாப்பிட்டு முழுக்கக் குணமாகிவிட்டது. ஆனால், “நுரையீரல்ல சின்னத் தழும்பு இருக்கும், அதனால ஒண்ணும் ஆகாது” என்று அப்போதே டாக்டர் சொல்லியிருக்கிறார்.

பெண் பார்க்க வந்தபோது இதைச் சொல்லவில்லை. விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த ஏஜென்ட், ‘கடுமையான நோய் ஏதாவது வந்ததுண்டா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று போட்டிருக்கிறார். “அதெல்லாம் எழுதினா விசா வராதும்மா” என்றாராம்.

டீச்சரம்மாவிடம் நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். தழும்பை அழிக்கச் சித்த மருத்துவத்தில் மட்டுமல்ல, எந்த மருத்துவத்திலும் மருந்து கிடையாது. அதைவிட முக்கியம், அழிக்க வேண்டிய அவசியமும் கிடையாது!

தழும்பு வேறு, நோய் வேறு

ஆறின புண்ணின் வடு தோலில் நிற்கிறதல்லவா? நுரையீரலிலும் அப்படித்தான். மெடிக்கல் பரிசோதனை செய்யும் டாக்டர் தேடுவது வடுவை அல்ல, இன்றைக்கும் உயிரோடிருக்கும் கிருமியை.

எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால் உடனே ‘ஃபெயில்’ போட்டுவிட மாட்டார்கள். தனித்தனி நாட்களில் மூன்று முறை சளி எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பிறகு கிருமி வளர்கிறதா என்று ‘கல்ச்சர்’ வைப்பார்கள். காசநோய்க் கிருமி மெதுவாக வளரும் ஜாதி. அதனால் முடிவு வர எட்டு வாரம்வரை ஆகும். அந்த எட்டு வாரத்தில்தான் குடும்பமே தூக்கம் கெட்டுத் தவிக்கும்.

கிருமி இல்லை என்று வந்தால், கனடாவைப் பொறுத்தவரை விசாவுக்குத் தடையில்லை. ‘அங்கே இறங்கி 30 நாளுக்குள் பொது சுகாதாரத் துறையோடு தொடர்பு கொள்ளுங்கள்’ என்று ஒரு தாள் தருவார்கள். மருத்துவக் கண்காணிப்பு என்று அதற்குப் பெயர். தண்டனை அல்ல; மறுபடி நோய் தலைதூக்கினால் ஆரம்பத்திலேயே பிடிப்பதற்கான ஏற்பாடு.

ஒருவேளை கிருமி இருந்தாலும் கதை முடிந்துவிடாது. மருந்தை முழுசாக முடித்து, நோய் தீர்ந்தது என்று உறுதியானபின் விண்ணப்பம் மேலே நகரும். ஆறு மாதமோ அதற்கு மேலோ தாமதம், அவ்வளவுதான்.

கதவைச் சாத்துவது எது?

மறைப்பதுதான். கனடாவில், முக்கியமான உண்மையை மறைத்ததாகவோ பொய் சொன்னதாகவோ முடிவானால் ஐந்து வருடத்துக்கு உள்ளே வர முடியாது. 2014 நவம்பருக்கு முன்பு இது இரண்டு வருடமாக இருந்தது. பூர்த்தி செய்தது ஏஜென்ட் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது, கையெழுத்து உங்களுடையது.

யோசித்துப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் சில வாரம் தாமதம். மறைத்து மாட்டிக்கொண்டால் ஐந்து வருடப் பிரிவு! எக்ஸ்ரே என்னவோ எப்படியும் பேசத்தான் போகிறது. நாம் முந்திக்கொண்டு பேசினால் அது மருத்துவக் குறிப்பு. எக்ஸ்ரே முந்திக்கொண்டால் அது குற்றம்.

நல்ல வேளையாக, முடிவு வருவதற்கு முன்பே தவறைத் திருத்தி எழுத வழி உண்டு. கனடா குடியேற்றத் துறைக்கு ஆன்லைனில், விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு, ‘இந்தக் கேள்விக்குத் தவறாகப் பதில் தரப்பட்டது, சரியான விவரம் இது’ என்று சிகிச்சைச் சான்றோடு அனுப்பலாம். டீச்சரம்மாவின் பெண்ணை முதலில் அதைச் செய்யச் சொன்னேன்.

இன்னும் சில பயங்கள்

“சர்க்கரை இருந்தா விடமாட்டாங்களாமே?” “சின்ன வயசுல இதய ஆபரேஷன் ஆனதைச் சொல்லலாமா?” என்றெல்லாம் கேட்கிறார்கள். சிகிச்சைச் செலவு அதிகமாகும் என்று சொல்லிச் சிலரை மறுக்க கனடா சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் ஸ்பான்ஸர் செய்யப்படும் கணவன், மனைவி, அவர்களைச் சார்ந்த குழந்தைகளுக்கு அந்த விதி பொருந்தாது. விலக்கு சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு என்று சாப்பிடும் மாத்திரைகளை மறைக்காதீர்கள். ‘ரிசல்ட் நல்லா வரட்டும்’ என்று அவற்றை நிறுத்தவும் செய்யாதீர்கள்.

அமெரிக்காவுக்கும் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எக்ஸ்ரே உண்டு; கூடவே தடுப்பூசிக் கணக்கும் கேட்பார்கள். எச்.ஐ.வி. இருந்தால் தடை என்ற விதியை அந்த நாடு 2010 ஜனவரியில் எடுத்துவிட்டது. லண்டன் போகிறவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதானால், பிரிட்டிஷ் அரசு அங்கீகரித்த கிளினிக்கில் காசநோய்ச் சான்று வாங்க வேண்டும். அது ஆறு மாதம்தான் செல்லும். கனடா மெடிக்கல் 12 மாதம் செல்லும். எந்த நாடானாலும் அவர்கள் பட்டியலில் உள்ள டாக்டரிடம்தான் போக வேண்டும். நம் குடும்ப டாக்டர் சான்று செல்லாது.

கர்ப்பமாக இருந்தால்?

கல்யாணமான புதிது. மாப்பிள்ளை லீவில் வந்து போவார். நடுவில் பெண் கர்ப்பமானால் எக்ஸ்ரேக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கனடா விண்ணப்பத்தில் எக்ஸ்ரேயைப் பிரசவத்துக்குப் பிறகு தள்ளிவைக்கலாம். அதுவரை விண்ணப்பமும் காத்திருக்கும். குழந்தை பிறந்ததும் உடனே குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் விட்டால், பிற்பாடு அந்தக் குழந்தையை அழைப்பதே பெரிய சிக்கலாகிவிடும்.

பரிசோதனைக்குப் போகும்முன்...

* சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. மாதவிலக்கு நாளில் தேதி வாங்காதீர்கள். சிறுநீரில் ரத்தம் கலந்து வீண் சந்தேகம் கிளப்பும்.
* பழைய எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சீட்டு, காசநோய்ச் சிகிச்சை அட்டை எல்லாம் எடுத்துப் போங்கள். பழைய எக்ஸ்ரேயோடு புதியதை ஒப்பிட்டு, ‘மாற்றமில்லை’ என்று பார்க்கவே அது பெரிய உதவி.
* சித்த மருந்து சாப்பிட்டால் அதன் பெயரைச் சொல்லுங்கள். பற்பம், செந்தூரங்களில் உலோகம் சேரும். லேபிள் இல்லாத பொட்டலம், ‘உடம்பு தேற’ யாரோ கொடுத்த லேகியம் எதுவும் வேண்டாம்.
* சளிக்கு ஆடாதோடைக் கஷாயம் நல்லதுதான். அதனால் காசநோய் தீரும் என்று நம்பி ஆறு மாத மருந்தை விடக் கூடாது. இதைச் சித்த மருத்துவனாகவே சொல்கிறேன். அரசு மருத்துவமனைகளில் அந்த மருந்து இலவசம்.

மாப்பிள்ளையிடம் சொல்லலாமா?

டீச்சரம்மா உண்மையில் பயந்தது கனடாவுக்கு அல்ல. “மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா என்ன ஆவுறது? அவரு ஸ்பான்ஸரை வாபஸ் வாங்கிட்டா?” என்று அழுதுவிட்டார்.

இந்தப் பயத்தை நான் சிரித்து ஒதுக்கவில்லை. நிரந்தரக் குடியுரிமை கிடைக்கும்வரை ஸ்பான்ஸர் செய்தவர் விண்ணப்பத்தை வாபஸ் வாங்க முடியும் என்பது நிஜம். கிடைத்த பிறகோ நிலைமை வேறு. முன்பு, புதிதாகக் கல்யாணமாகிப் போகிறவர்கள் இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் குடியுரிமை பறிபோகும் என்று அங்கே ஒரு விதி இருந்தது. அடித்தாலும் உதைத்தாலும் பெண்கள் வாய் மூடிக் கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2017 ஏப்ரலில் அதை நீக்கிவிட்டார்கள். இப்போது உரிமை கிடைத்த நாளிலிருந்து அது அந்தப் பெண்ணுக்குச் சொந்தம். ஸ்பான்ஸர் செய்தவர் மூன்று வருடம் அவளுடைய அடிப்படைச் செலவுக்குப் பொறுப்பு. நடுவில் உறவு முறிந்தாலும் அந்தப் பொறுப்பு தீராது. இதைப் பெண்ணைப் பெற்றவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, காசநோய் அப்படி மறைக்க வேண்டிய நோயா? ஒரு காலத்தில் தாம்பரம் சானடோரியம் என்றாலே ஊர் ஒதுங்கும். அதே சென்னையில்தான் 1956-ல் ஓர் ஆய்வு மையம் தொடங்கி, நோயாளிகளில் ஒரு பகுதியினரை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வந்தது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நிகராக வீட்டில் இருந்தவர்களும் குணமானார்கள்; அவர்களால் வீட்டாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகமே சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது. நாம்தான் மனசை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை!

“டீச்சரம்மா, நீங்க சொல்ல வேணாம். பாப்பாவே சொல்லட்டும்” என்றேன். அன்று ராத்திரியே பெண் போனில் பேசியிருக்கிறாள். மாப்பிள்ளை ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாராம். அப்புறம், “உனக்கு வந்ததுல கோபம் இல்ல. எட்டு மாசமா எங்கிட்ட சொல்லாததுதான் வருத்தமா இருக்கு” என்றாராம். நாலு நாள் போன் வரவில்லை. அந்த நாலு நாளும் டீச்சரம்மா வீட்டில் சரியாக அடுப்பு எரியவில்லை. ஐந்தாம் நாள் அவரே கூப்பிட்டு, திருத்தக் கடிதத்தை இரண்டு பேருமாகச் சேர்ந்து எழுதினார்கள்.

காத்திருக்கும் மாதங்களில்...

ஸ்பான்ஸர் விண்ணப்பம் மாதக்கணக்கில் இழுக்கும், வருடமும் தாண்டலாம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போனில் விண்ணப்ப நிலை பார்ப்பவர்கள் எத்தனை பேர்! தூக்கம் கெட்டால் பித்தம் ஏறும் என்பது சித்த மருத்துவம். நெஞ்செரிச்சல், தலைவலி, மாதவிலக்குத் தள்ளிப்போவது எல்லாம் பின்னாலேயே வரும்.

ஒரு நாளைக்கு ஒரே வேளை, அதுவும் பகலில் மட்டும் நிலை பாருங்கள். வாரம் இரண்டு எண்ணெய்க் குளியல். ராத்திரி எட்டு மணிக்குள் எளிதான சாப்பாடு. எங்கள் பக்கத்துச் சாமைச் சோறும் மிளகு ரசமும் போதும். காலையில் அரை மணி நடை. எடை குறைவது, சாயங்காலக் காய்ச்சல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் மட்டும் ‘கவலைனால’ என்று தள்ளிவிடாமல் உடனே சளிப் பரிசோதனைக்குப் போங்கள்.

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? நிழல் தெரிந்தது, சளி எடுத்தார்கள், எட்டு வாரம் காத்திருந்தார்கள். கிருமி இல்லை. இப்போது டொரன்டோவில் இருக்கிறாள். அங்கே சுகாதாரத் துறை நர்ஸ் கூப்பிட்டுப் பேசி, ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, “மருந்து எதுவும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டாராம்.

போன முறை மலைக்குப் போனபோது டீச்சரம்மா சாமை ஒரு படி கொடுத்தார். “மருந்து கேட்டு வந்தேன், குடுக்காம அனுப்பிட்டீங்களே ஐயா” என்று சிரித்தார்.

உங்கள் வீட்டுப் பீரோவிலும் பழைய சிகிச்சை அட்டை ஏதாவது துணிக்கு அடியில் ஒளிந்திருக்கலாம். இன்றைக்கே எடுத்து, பாஸ்போர்ட்டும் கல்யாணப் பதிவுச் சான்றும் இருக்கிற அதே ஃபைலில் வையுங்கள். அதற்குரிய இடம் அதுதான்.