8 வருடம் பிடிபடாத செஞ்சிக்கோட்டை ஒரே ராத்திரியில் விழுந்தது எப்படி?

பூட்டை உடைத்துத் திருடுகிறவன் உண்டு. வீட்டுக்காரன் அசந்த நேரம் பார்த்துத் திருடுகிறவனும் உண்டு. போலீஸ் செய்தி எழுதுகிறவர்களுக்கு இரண்டு பேரையும் நன்றாகத் தெரியும். ஆனால் மூன்று மலை, மூன்று கோட்டை, அத்தனையும் ஒரே ராத்திரியில் பறிபோன சம்பவம் தெரியுமா?

நடந்த இடம் செஞ்சி. திண்டிவனத்தில் இருந்து திருவண்ணாமலை பஸ்சில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாலே போதும், மலை மேல் கோட்டை தெரியும்.

மூன்று மலைகள்

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள் முக்கோணமாக நிற்கின்றன. ஒவ்வொரு மலையும் ஒரு தனிக்கோட்டை. மூன்றையும் சேர்த்து வளைத்துக் கட்டிய மதிலின் நீளம் சுமார் 13 கிலோ மீட்டர். உள்ளே ஒரு ஊரே அடங்கும்.

ஒரு மலையைப் பிடித்துவிட்டால் கோட்டையைப் பிடித்ததாக ஆகாது. மற்ற இரண்டு மலைகளில் இருந்தும் குண்டு வரும். இதுதான் செஞ்சியின் சூட்சுமம்.

1190-ம் ஆண்டு வாக்கில் ஆனந்தக் கோன் என்பவர் முதலில் கட்டியதாகச் சொல்கிறார்கள். பிறகு விஜயநகரத்தார், நாயக்கர்கள், பிஜப்பூர் சுல்தான், மராட்டியர், மொகலாயர், ஆற்காடு நவாப், பிரெஞ்சுக்காரர், இங்கிலீஷ்காரர் என்று கை மாறிக்கொண்டே வந்தது. வந்தவர்கள் எல்லாம் ஏதாவது கட்டினார்கள்.

அடிவாரத்தில் கூம்பு மாதிரி அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கிறது கல்யாண மகால். பக்கத்திலேயே நெற்களஞ்சியம், குதிரை லாயம், உடற்பயிற்சிக் கூடம்.

செட்டிக்குளம் அருகே ஒரு பெரிய பாறை. நடுவில் கிணறு மாதிரி துளை. மரண தண்டனைக் கைதியை அதற்குள் தள்ளிவிட்டு அப்படியே பட்டினி போட்டுக் கொல்வார்களாம். எட்டிப் பார்த்தால் இன்றைக்கும் குலை நடுங்குகிறது.

பாலத்தை எடுத்தால் போச்சு!

ராஜகிரி மலையின் உயரம் சுமார் 800 அடி. படி ஏற ஏற வாசலுக்கு மேல் வாசல் வருகிறது. உள்ளே நுழைந்தால் வழி நேராகப் போகாது. சட்டென்று திரும்பும். யானையை விட்டு முட்டலாம் என்றால் அது ஓடி வர இடம் கிடையாது. கூட்டமாக வரும் எதிரி அங்கே தேங்கி நிற்பான். மேலே இருப்பவன் கல்லை உருட்டிவிட்டாலே போதும்.

மூச்சு வாங்க உச்சிக்கு வந்தால் அங்கே ஒரு பிளவு. 24 அடி அகலம், 60 அடி ஆழம். இயற்கையாக வெடித்த பாறை. அதன் மேல் ஒரு மரப்பாலம். ஆபத்து என்றால் பாலத்தை எடுத்துவிடுவார்கள். அப்புறம் எந்தக் கொம்பனும் உள்ளே வர முடியாது.

உச்சியில் ரங்கநாதர் கோவில் இருக்கிறது. மணிக்கூண்டு, களஞ்சியம், பீரங்கி எல்லாம் இருக்கின்றன. மலையிலேயே தண்ணீர் கிடைக்கும். சோறும் தண்ணீரும் இருந்தால் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கலாம்.

அவுரங்கசீப் படை திணறல்

1677-ல் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்துப் பலப்படுத்தினார். அவர் மகன் ராஜாராம், அவுரங்கசீப்பிடம் இருந்து தப்பி ஓடி வந்து புகுந்ததும் இங்கேதான்.

1690-ல் மொகலாயத் தளபதி சுல்பிகர்கான் பெரும் படையுடன் வந்து முற்றுகை போட்டார். ஒரு வருடம் அல்ல, இரண்டு வருடம் அல்ல, 1698 வரை இழுத்தது! வெளியே மராட்டியக் குதிரைப்படை சுற்றிச் சுற்றி வந்து, முற்றுகை போட்டவர்களுக்கே சாப்பாடு வராமல் மடக்கியது. கூட இருந்த அவுரங்கசீப்பின் மகன் காம்பக்ஷ், எதிரியுடன் ரகசியப் பேச்சு நடத்துகிறார் என்று சந்தேகம். அவரைச் சொந்தத் தளபதிகளே கைது செய்தார்கள்.

கடைசியில் கோட்டை விழுந்தது. ஆனால் ராஜாராம் அதற்கு முன்பே கம்பி நீட்டிவிட்டார்.

தேசிங்கு ராஜன்

அடுத்தது, தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு எல்லாம் தெரிந்த கதை. தேஜ்சிங் என்கிற தேசிங்கு ராஜன், 22 வயது இளைஞர். கப்பப் பாக்கி கேட்டு ஆற்காடு நவாப் படையோடு வந்தார். தேசிங்கு கோட்டைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கவில்லை. சில நூறு பேரோடும், உயிர் நண்பன் மகபத்கானோடும் வெளியே பாய்ந்தார். 1714 அக்டோபர் 3-ந் தேதி, நண்பர்கள் இரண்டு பேரும் போர்க்களத்தில் பரிதாபமாக மாண்டார்கள். ராணி உடன்கட்டை ஏறினார். அவர் நினைவாக வந்த பெயர்தான் ராணிப்பேட்டை.

நிலா மறைந்ததும்...

இனி அந்த ராத்திரி. 1750 செப்டம்பர். ஆற்காடு பதவிக்கு மோதிய முகமது அலியின் படை, பிரெஞ்சுக்காரர்களிடம் உதை வாங்கிக்கொண்டு செஞ்சிக்கு ஓடி வந்தது. பிரெஞ்சுத் தளபதி புஸ்சி விடாமல் துரத்தினார். சாயங்காலம் ஊர் வாசல் கதவை வெடி வைத்துத் தகர்த்து உள்ளே புகுந்தார். மலை மேல் இருந்து சரமாரியாகக் குண்டு வந்தது. அவர்கள் பதுங்கியே இருந்தார்கள்.

நிலா மறைந்தது. கும்மிருட்டு. மூன்று மலைகள் மீதும் ஒரே நேரத்தில் ஏறினார்கள். பொழுது விடியும்போது மூன்றும் அவர்கள் கையில்!

வெளிச்சத்தில் அண்ணாந்து பார்த்த பிரெஞ்சுக்காரர்களே, இதையா ஏறிப் பிடித்தோம் என்று வாயைப் பிளந்தார்களாம்.

அதே மலை, அதே மதில், அதே பிளவு. 8 வருடம் காத்தது எப்படி, ஒரு ராத்திரியில் விட்டது எப்படி? முன்பு உள்ளே இருந்தவர்கள் சாகத் துணிந்தவர்கள். வெளியே அவர்களுக்குத் துணை இருந்தது. பின்னால் இருந்தவர்களோ தோற்று ஓடி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தவர்கள். காவல்காரன் மனசு விட்டுப்போனால் கருங்கல் என்ன செய்யும்?

பிரெஞ்சுக்காரர்கள் சும்மா போகவில்லை. வெங்கட்ரமணர் கோவில் தூண்களைப் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்களைப் பார்த்திருப்பீர்களே, அவை செஞ்சிச் சொத்து. 1761-ல் கோட்டை இங்கிலீஷ்காரர் வசம் போனது.

இப்போது யார் காவல்?

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மராட்டிய மாநிலத்தில் இருக்கின்றன. பாக்கி ஒன்று நம்ம செஞ்சி.

உலகமே பார்க்க வரப்போகிற இடம். நம்ம ஆட்கள் என்ன செய்கிறார்கள்? பழைய சுண்ணாம்புச் சுவரில் ஆணியால் காதலி பெயரைக் கிறுக்குகிறார்கள். காலி பாட்டிலைச் சுனைப் பக்கம் வீசுகிறார்கள்.

போகிறவர்கள் காலையிலேயே ஏறிவிடுங்கள், வெயில் தாங்காது. தண்ணீர் எடுத்துப் போங்கள். குரங்கு ஜாக்கிரதை. சுவரில் மட்டும் கை வைக்காதீர்கள். பீரங்கிக்குத் தப்பிய சுவர் அது. ஆணிக்குச் சாகவேண்டாம்.