பூனை வளரும் வீட்டில் உடற்பயிற்சிக் கருவி

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின்னோ, பக்கவாதத்திலிருந்து தேறியோ வீடு திரும்புவோருக்கு நாங்கள் வீட்டுப் பயிற்சியைப் பரிந்துரைக்கிறோம். அவ்வீட்டில் துள்ளி விளையாடும் பூனை இருப்பின், கருவி வாங்குமுன் சிலவற்றைக் கருதுதல் நன்று.

அசையும் பொருள்மீது பாய்வது பூனையின் இயல்பு. டிரெட்மில்லின் பின்முனையில், பட்டை உருளையைச் சுற்றி அடியில் செல்லும் இடத்தில், அதன் பாதமோ வாலோ சிக்கக்கூடும். பதறித் திரும்பும் நோயாளி நிலைதடுமாறி விழக்கூடும். ஆகவே, மருத்துவர் இசைந்தால், சக்கரம் முழுதும் மூடப்பட்ட உடற்பயிற்சி சைக்கிளைத் தேர்ந்தெடுங்கள். டிரெட்மில்லே தேவையெனில், பயிற்சி முடிந்ததும் பாதுகாப்புச் சாவியைக் கழற்றி வையுங்கள்.

பூனை கடித்த ரப்பர் பட்டை, இழுக்கும்போது அறுந்து முகத்தில் தெறிக்கலாம். விழுங்கிய துண்டு பூனையின் குடலை அடைக்கலாம். பட்டைகளை மூடிய பெட்டியில் வைத்து, ஒவ்வொரு முறையும் கீறல் உள்ளதா எனப் பார்த்தே எடுங்கள்.

விடியலிலும் அந்தியிலும் பூனைகளின் துடிப்பு மிகும். முற்பகலில், அதற்கு உணவளித்தபின், கதவைச் சாத்திப் பயிற்சி செய்யுங்கள். தாழிட வேண்டா, விழ நேர்ந்தால் வீட்டார் உடனே உள்ளே வர இயல வேண்டும்.

பூனை கீறினாலோ கடித்தாலோ, காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ரேபிஸ் தடுப்பூசி தேவைப்படலாம். நீரிழிவு உள்ளோரும் இரத்த உறைவுத் தடுப்பு மருந்து உட்கொள்வோரும் சிறு கீறலையும் புறக்கணித்தல் ஆகாது.

தனித்திருக்கும் முதியோர் பலருக்குப் பூனையே பேச்சுத்துணை. அதனைப் பிரியாமலும் பயிற்சியைக் கைவிடாமலும் நலம் பெறுங்கள்.