பொருளாதார நூல் பயில்வோர்க்கு வேண்டுவன

கலாசாலை புகும் மாணவருட் சிலர் கணிதத்திற்கு அஞ்சியே பொருளாதாரப் பிரிவை நாடுகின்றனர். சிறிது நினைவாற்றலும் செய்தித்தாள் படிக்கும் பழக்கமும் இருப்பின் இப்பாடத்தை எளிதிற் கடந்துவிடலாம் என்பது அவர் எண்ணம். அவ்வெண்ணம் பொருந்துமா என்பதை ஆராய்வோம்.

இந்நூல் தனிப் பாடமாக அமைந்தது அண்மைக் காலத்தேயாம். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் ஒழுக்க நூலோடும் வரலாற்றோடும் சேர்த்துக் கற்பிக்கப்பட்ட இதற்கு, பேராசிரியர் ஆல்பிரட் மார்ஷல் முயற்சியால் 1903-ஆம் ஆண்டில் தனித் தேர்வு ஏற்பட்டது.

இன்று எந்நாட்டுக் கலாசாலையிலும் இப்பாடத்திற்கு அடிப்படையாவன இரண்டு. வாங்குவோர், விற்போர் ஆகியோரின் செயலையும் விலை அமையும் வகையையும் ஆராய்வது நுண்பொருளியல். நாட்டின் மொத்த வருவாய், வேலையின்மை, பணவீக்கம் முதலியவற்றை ஆராய்வது பேரியல் பொருளியல். 1936-இல் வெளிவந்த கெயின்ஸ் என்பாரின் நூல் இதற்குப் பெரிதும் வழிகோலியது. இவ்விரண்டிற்கும் துணையாவன கணிதமும் புள்ளியியலும். விலை சிறிது ஏறின் வாங்கும் அளவு எவ்வளவு குறையும் என்பதைக் கணிதம் துல்லியமாகக் கூறும். அக்கூற்று உலகியலோடு ஒத்துளதா என்பதைப் புள்ளியியல் சோதிக்கும். ஆதலின் இவை முதலில் வைக்கப்பட்டன.

இவற்றால் விளையும் பயன் யாதெனின், ஓர் உதாரணம் காட்டுவோம். 1943-இல் வங்காளத்தில் பல லட்சம் மக்கள் பஞ்சத்தால் மாண்டனர். விளைவு குன்றியதே காரணம் எனப் பலர் கருதினர். அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட நூலில், அவ்வாண்டின் உணவு இருப்பு பஞ்சமில்லாத 1941-ஆம் ஆண்டினும் குறைந்ததன்று எனக் கணக்கிட்டார். அரிசி விலை ஏறிய அளவிற்குக் கூலி ஏறாமையால், உழைப்போர் அரிசி வாங்க இயலாது மடிந்தனர் என்பது அவர் முடிபு. இதனை மறுப்போரும் உளர். ஆயினும் மறுப்பதற்கும் எண்களே வேண்டும்.

எனினும் எண் மட்டும் போதாது. சென்னைச் சர்வகலாசாலைக்கு 1915-இல் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவரைக் கிராமங்களின் நிலையை நேரில் ஆராயுமாறு தூண்டினார். அதன் பயனாக 1918-இல் தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய நூல் வெளிவந்தது. வரலாறும் கள ஆராய்ச்சியும் பாடத்தில் இடம்பெறுதல் இது பற்றியே.

ஆகவே, இளமாணவர்காள்! கணிதத்தை இறுதியாண்டிற்கு ஒத்திவையாதீர். பஞ்சத்தின் காரணத்தைப் பிழைபடக் கணித்தால், மருந்தும் பிழையாகும். அப்பிழையின் விலையைக் கொடுப்போர் தேர்வு எழுதும் நாமல்லேம், ஏழை மக்களே.